மெட்டி கறுத்த பொழுது

கால் மிதந்து மிதந்து மேலே வந்தது. அமுக்கினால் அடங்கியது, விட்டால் மறுபடியும் வந்தது. அறுபத்து நான்கு வருஷமாகத் தரையை விட்டு எழும்பாத கால், இப்படி ஒரு வெந்நீர்க் குளத்துக்குள் தன்பாட்டுக்கு மிதக்கும் என்று செண்பகவல்லி நினைத்ததே இல்லை. மகள் கோமதி உட்காரவைத்துவிட்டுப் போன கல்படியில், உட்காரவைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா, நீ இங்கயே இரு, பாப்பாவுக்கு இந்தச் சூடு ஆகாது, நாங்க அந்தப் பக்கம் சின்னக் குளத்துல இருக்கோம், நானே வந்து கூப்பிடுதேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். போய் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. கைக்கடிகாரமும் அந்த இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டது. கைக்கடிகாரம், கைபேசி, கழுத்துச் சங்கிலி. கழுத்துச் சங்கிலி என்று சொல்லிக்கொண்டால் மனசு கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறது. அதற்கு வேறு பேர் உண்டு. அந்தப் பேரைச் சொன்னால் கை தானாகக் கழுத்துக்குப் போகும், அங்கே ஒன்றும் இருக்காது. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிய கைதான், இப்போது தண்ணீருக்குள் மடியில் கிடக்கிறது.

புகை புகையாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. எதிரே இருக்கிறவர்களின் தலைகள் மட்டும் தெரிந்தன, தெரிந்து மறைந்தன. அவள் எண்ணினாள். பால்வாடி ஆயாவாக இருந்த காலத்துப் பழக்கம். சோறு போடுமுன் தலை எண்ணவேண்டும், சாப்பிட்டுக் கை கழுவியதும் எண்ணவேண்டும், தூங்கி எழுந்ததும் எண்ணவேண்டும். ஒரு தலை குறைந்தால் தேடி ஓடவேண்டும், எங்கேயாவது கதவிடுக்கில் உட்கார்ந்து மண் தின்றுகொண்டிருக்கும், இழுத்துக்கொண்டு வருகிறவரை உயிர் இல்லை. இந்தக் குளத்தில் ஒன்பது தலை. ஊரெல்லாம் அழுகிய முட்டை வாடை. காலையில் காரில் வரும்போதே ரோட்டோரச் சாக்கடை மூடியிலிருந்தும், வீட்டு வேலிக்குப் பின்னாலிருந்தும் வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருந்தது. தரைக்கு அடியில் யாரோ பெரிய அண்டாவில் நெல் அவிக்கிற மாதிரி. ரோட்டோருவா என்று ஊர்ப் பேரை மருமகன் இளங்கோ நாலு தரம் சொல்லிக்கொடுத்தார், அவளும் நாலு தரம் திருப்பிச் சொன்னாள், ஐந்தாவது தரம் மறந்துவிட்டது. பூமிக்குள்ள தீ இருக்கு அத்தை, அதான் தண்ணி கொதிக்குது என்றார். தீ இருக்கிற இடத்தில் ஏன் வீடு கட்டினார்கள் என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. நினைத்ததைக் கேட்காமல் விடுவது அவளுக்கு மூச்சுவிடுவது மாதிரி, தனியாக முயற்சி செய்யவேண்டியதில்லை.

கால் மறுபடியும் மேலே வந்தபோதுதான் பார்த்தாள். இரண்டாம் விரலில் மெட்டி கறுப்பாக இருந்தது. நிழலாக இருக்கும் என்று காலைத் திருப்பினாள். ஆவியாக இருக்கும் என்று கையால் விசிறினாள். காலை வயிற்றோடு இழுத்துவைத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். கறுப்புதான். கரி பூசின கறுப்பில்லை, உள்ளேயிருந்து ஊறி வந்த கறுப்பு. இன்னொரு காலையும் எடுத்துப் பார்த்தாள், அதுவும். காலையில் விடுதிக் குளியலறையில் கால் கழுவும்போது வெள்ளையாகத்தானே இருந்தது? இருந்தது, கழுவும்போது பளிச்சென்று இருந்தது. அப்புறம் ஆட்டுப் பண்ணையில் காட்சிக் கொட்டகையின் படி ஏறும்போது செருப்புக்கு வெளியே வெள்ளையாக மின்னியது. அப்படியானால் இப்போதுதான் கறுத்திருக்கிறது. இந்தப் பொழுதில். இந்தப் பொழுதில் அங்கே மணி என்ன?

அங்கே என்றால் கோவில்பட்டி. அங்கே காலை நேரம். இங்கே மத்தியானம் ஆகும்போது அங்கே பால் வாங்குகிற நேரம், அவர் பால் வாங்கி வந்து அடுப்பில் வைத்துவிட்டுப் பொங்குமுன் ஒரு தரம் பேசுவார். பேச ஒன்றும் இருக்காது. பால் வாங்கிட்டேன், இன்னைக்குக் கரண்டு இல்லை, உன் தங்கச்சி வந்து எட்டிப் பாத்துட்டுப் போனா. அவ்வளவுதான். பால் பொங்கிவிடும், வைத்துவிடுவார். கண்டக்டராக இருந்தவருக்குப் பேச்சு எல்லாமே அடுத்த நிறுத்தம் வருவதற்குள் முடிந்துவிடவேண்டும். இன்று மத்தியானம் அந்தப் பேச்சு இல்லை. ஆட்டுக் காட்சி நடக்கும்போது கைபேசி அடித்ததோ, அடிக்கவில்லையோ, சத்தத்தை அணைத்து வைக்கவேண்டும் என்று கோமதி வாங்கி அணைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். நேற்றுப் பேசும்போது இருமினார். என்னங்க இருமலு என்றாள். ஒண்ணுமில்லளா, தூசி என்றார். மறுபடியும் இருமினார். தூசிக்கு வருகிற இருமல் தொண்டையில் வரும், இது அடியிலிருந்து வந்தது. சுக்குப் போட்டுக் குடிங்க என்று சொன்னாள், சுக்கு எந்த டப்பாவில் இருக்கிறது என்று சொல்லுமுன் பால் பொங்கிவிட்டது. பச்சை மூடி டப்பா. மிளகு டப்பாவுக்குப் பின்னால். அவர் தேடியிருக்க மாட்டார். தேடாமல் இருமிக்கொண்டே படுத்திருப்பார். படுத்தவர், நினைப்பை அங்கே நிறுத்தினாள். எதிர்வீட்டுப் பேச்சித்தாய்க்கு இப்படித்தான், சந்தைக்குப் போகிற வழியில் மெட்டி ரெண்டாகத் தெறித்து விழுந்தது, முந்தானையில் முடிந்துகொண்டு கத்திரிக்காய்க்குப் பேரம் பேசினாளாம், பேரம் முடியுமுன் ஆள் வந்துவிட்டது. அந்தக் கத்திரிக்காயை அப்புறம் யார் சமைத்தார்கள்? இத்தனை வருஷத்தில் அதை யாரும் சொல்லவில்லை. இப்போது எதற்குக் கத்திரிக்காய். நினைக்கக்கூடாது. வீட்டில் இருக்கிற மனுஷனைப் பற்றி ஆகாததை நினைப்பதே அதற்குப் பாதை வெட்டிக்கொடுக்கிற மாதிரி. வேறே எதையாவது நினைக்கவேண்டும். ஒன்பது தலை. இல்லை, எட்டு. ஒருத்தர் எழுந்து போய்விட்டார்.

வேறே என்றால் காலை. காலையில் ஆட்டுப் பண்ணை. கொட்டகைக்குள் மேடை, மேடையில் படிப்படியாக ஆடு ஏறி நிற்க மரத்தட்டிகள், ஒவ்வொரு தட்டிக்கும் ஒரு ஆட்டின் பேர் எழுதியிருந்தது. ஒருத்தன் மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு சாதி ஆடாக ஓடிவந்து தன் தட்டியில் ஏறி நின்றது. மூஞ்சி கறுத்த ஆடு, கொம்பு சுருண்ட ஆடு, கண்ணே தெரியாமல் மயிர் மூடிய ஆடு. எவ்வளவு புத்தி என்று எல்லோரும் கை தட்டினார்கள். செண்பகவல்லிக்கு மட்டும் தெரிந்தது, ஒவ்வொரு தட்டியிலும் ஒரு கிண்ணம் இருந்தது, கிண்ணத்தில் தீனி இருந்தது. ஆடு தன் பேரைக் கேட்டு ஓடிவரவில்லை, தீனியைப் பார்த்து ஓடிவந்தது. ஏறி வாயை வைத்ததும் பக்கத்தில் நின்றவன் கழுத்தில் சங்கிலியை மாட்டிவிட்டான். தின்றுகொண்டிருந்த ஆட்டுக்கு அது தெரியவே இல்லை. காதில் மாட்டின மொழிபெயர்ப்புக் கருவிக்குள் ஒரு குரல் இந்தியில் பேசிக்கொண்டிருந்தது. தமிழ் இல்ல அத்தை, இந்திதான் இருக்கு, சும்மா மாட்டிக்கங்க, சத்தம் கேக்கும்ல என்று இளங்கோ சிரித்துக்கொண்டே மாட்டிவிட்டார். காட்சி முடிகிறவரை கழற்றாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் புரியவில்லை. மாட்டிவிட்டவர் மனசு நோகக்கூடாது.

அப்புறம் மயிர் கத்தரிக்கிறவன் வந்தான். தட்டியில் நின்றதில் ஒன்று இல்லை, உள்ளேயிருந்து வேறு ஒரு ஆட்டை முன்னங்கால் இரண்டையும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். அது திமிறியது, பலகையைக் குளம்பால் உதைத்த சத்தம் பின்வரிசைவரை கேட்டது. அவன் ஒன்றும் அடிக்கவில்லை, அதட்டவில்லை. அதைத் தூக்கிப் பின்பக்கமாக உட்காரவைத்தான், மனுஷர் நாற்காலியில் சாய்ந்து உட்காருகிற மாதிரி, தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில். அவ்வளவுதான். அத்தனை திமிறின ஆடு அப்படியே அடங்கிவிட்டது. நாலு காலும் முன்னால் தொங்கின. கண் மட்டும் திறந்திருந்தது. கால் தரையில படலைன்னா அது சண்டை போடாதாம் அத்தை, விட்டுருமாம் என்று மைக்கில் பேசினவன் சொன்னதை இளங்கோ தமிழில் சொன்னார். இயந்திரம் ஓடியது. மயிர் ஒரே துண்டாக, கம்பளி விரித்த மாதிரி கழன்று விழுந்தது. உள்ளே இருந்த ஆடு வேறு ஆடு, ஒல்லியாக, ரோஸ் நிறத்தில், கூட்டத்தின் முன்னால் கூச்சப்பட்டு நின்றது. பக்கத்தில் ஒரு சின்னக் கதவு, அதைத் திறந்து ஒரு தள்ளு. போய்விட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். அந்த ஆடு வெளியே போய் எங்கே நின்றது, குளிருக்கு என்ன செய்தது என்று யாரும் கேட்கவில்லை.

காரில் பேச்சு வந்தது அதற்கு அப்புறம்தான். பண்ணையிலிருந்து குளத்துக்கு வருகிற வழியில். பாப்பா ஆதினி தன் இருக்கையில் வாரால் கட்டப்பட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது, செண்பகவல்லி அதன் பக்கத்தில். முன்னால் இருவரும். இளங்கோ கண்ணாடியில் பார்த்துப் பேசினார். விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை அலுவலகம் போனதும் அத்தையின் விசாவை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்க எழுதிப் போட்டுவிடலாம் என்று இருப்பதாகவும், அவருக்கும் கோமதிக்கும் அதுதான் நிம்மதி என்றும் சொன்னார். கோமதி திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாகிட்டப் பேசிட்டேன்மா, அப்பா சரின்னுட்டாங்க, நீதான் சொல்லணும் என்றாள். சரி என்றுவிட்டாரா? அவரா? அடுத்த மாதம் டிக்கெட் இருக்கிறது. வரும்போதே போட்ட டிக்கெட். அந்தத் தேதியை அவர் சமையலறைக் காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார், அவளை வழியனுப்புவதற்கு முன்னாலேயே போட்டுவிட்டார். வட்டம் போட்ட மனுஷன் எப்படிச் சரி என்றார்? அவருக்கு இவள் இல்லாதது பழகிவிட்டதா? பழகியிருக்கலாம். பழகினால் நல்லதுதானே. நல்லதா? கோமதியின் பின்கழுத்து தெரிந்தது. எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பாப்பா பிறந்ததிலிருந்து ஒரு ராத்திரிகூட முழுத் தூக்கம் இல்லை அவளுக்கு, இந்த வாரத்திலிருந்து வேலைக்கும் போகவேண்டும், போகிற இடத்தில் பால் சுரந்து சட்டை நனைந்துவிடும், அதை யாரிடம் சொல்வாள். அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று எப்படிச் சொல்வது. முடியும் என்றும் சொல்லவில்லை. பாப்பாவுக்குத் தொப்பி நழுவுது பாரு என்று சொன்னாள். சரி செய்தாள். ஒன்றும் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டது இளங்கோ பாட்டுப் போட்டதிலிருந்து தெரிந்தது.

அப்படித்தான் எல்லாமே. அப்படித்தான் கழுத்திலிருந்ததும் போனது. உடை மாற்றுகிற இடத்தில் சுவரில் போர்டு, அதில் ஒரு மோதிரம் வரைந்து குறுக்கே சிவப்புக் கோடு. நகை எல்லாம் கழட்டணும்மா, போட்டிருக்கு பாரு என்றாள் கோமதி. கோமதியின் கழுத்தில் ஏற்கெனவே ஒன்றும் கிடையாது, அது பாங்கில் இருக்கிறது, அது அவள் காலம். செண்பகவல்லிக்கு ஒருநாளும் கழுத்து வெறுமையாக இருந்ததில்லை. சங்கிலியில் கொக்கி தேய்ந்து ஆசாரியிடம் கொடுக்கவேண்டி வந்தபோதுகூட, முதலில் மஞ்சள் துண்டை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அப்புறம்தான் இதைக் கழற்றினாள். ஒரு கண் இமைப்புக்கும் இடைவெளி விடவில்லை. ஒரு மஞ்சள் கயிறாவது இருக்குதாட்டி என்று கேட்க வாய் வரை வந்தது. பின்னால் வரிசையில் பெண்கள் துண்டோடு நின்றார்கள், பாப்பா அழுதது, பெட்டிக் கதவு திறந்து நின்றது. கோமதியின் கை பின்கழுத்துக்கு வந்து கொக்கியைத் தொட்டது. அந்தக் கை குளிர்ந்திருந்தது. அவள் தலையைக் குனிந்துகொடுத்தாள். கட்டும்போதும் இப்படித்தான் குனிந்துகொடுத்தாள், அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. பெட்டிக் கதவை மூடியபோது டக்கென்று ஒரு சத்தம். திறவுகோல் கோமதியின் மணிக்கட்டில் ரப்பர் வளையத்தில். காலில் இருக்கிற மெட்டியை யாரும் பார்க்கவில்லை. பார்க்காததில் அவளுக்கு ஒரு சின்னத் திருட்டுச் சந்தோஷம்கூட. கழுத்து போனால் போகட்டும், கால் இருக்கிறது, கால் காக்கும் என்று நினைத்துத்தான் தண்ணீரில் இறங்கினாள். கால் கறுத்துவிட்டது.

நெஞ்சு படபடவென்று அடித்தது. காதுக்குள் கேட்டது. சூடு கழுத்துவரை வந்து மண்டைக்குள் ஏறுகிறது, முகம் வேர்க்கிறது, வேர்வையும் அந்த வாடைதான் அடிக்கிறது. இது சூட்டினால் வருகிற படபடப்பா, அங்கே நடந்தது இங்கே தெரிகிற படபடப்பா? கோமதிக்கு நாலு வயதில் மாந்தம் வந்து கண் செருகினபோது, இவள் பால்வாடியில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள், இதே மாதிரி அடித்தது, கரண்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். அன்றைக்கு ஓடினாள். ஓட வழி இருந்தது. இப்போது ஓடினால் எங்கே ஓடுவது. நடுவில் கடல். எழுந்து போய்க் கோமதியிடம் பெட்டியைத் திற, அப்பாவுக்குப் போன் போடு என்று சொல்லலாம். ஏன்மா என்பாள். ஏன் என்று சொல்லமுடியுமா? வாயால் சொல்கிற வார்த்தையா அது? வாயிலிருந்து விழுந்துவிட்டால் அது நடந்ததாகிவிடும். சரி, வேறு ஏதாவது சொல்லலாம். தலை சுற்றுகிறது என்று சொல்லலாம். ஆனால் முதலில் எழவேண்டும். எழுந்தால் இந்த உடை. கோமதி வாங்கித்தந்தது, கறுப்பில், முழங்கால்வரை காற்சட்டையும் மணிக்கட்டுவரை சட்டையும், ரொம்ப மூடிய உடைதான், தண்ணீருக்குள் இருக்கிறவரை தெரியாது. தண்ணீரை விட்டு எழுந்தால் ஒட்டிக்கொள்ளும். உடம்பின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் ஊருக்குத் தெரியும். துண்டு அதோ அந்தப் பெஞ்சில் இருக்கிறது. பெஞ்சில் ஒரு பெரிய ஆள் உட்கார்ந்திருக்கிறான், நெஞ்செல்லாம் பச்சை குத்தியவன், அவன் தொடைக்கு அடியில் துண்டின் ஒரு முனை சிக்கியிருக்கிறது. தண்ணீருக்கும் துண்டுக்கும் நடுவில் பத்தடி இருக்கும். அந்தப் பத்தடியை யார் கடப்பது.

பக்கத்துப் படியில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், இவளைவிட மூத்தவள், தோள் எல்லாம் மச்சம், இவளைப் பார்த்து ஏதோ கேட்டாள். ஓக்கேயா என்பது மட்டும் புரிந்தது. செண்பகவல்லி தலையாட்டினாள். அந்த அம்மாள் நம்பாமல் மறுபடியும் கேட்டாள், தன் முகத்தைத் தொட்டுக் காட்டிச் சிவந்திருக்கிறது என்றாள் போல. செண்பகவல்லி மறுபடியும் தலையாட்டிச் சிரித்தாள். சிரித்த வாய் மூடுமுன் ஒரு நினைப்பு ஊசி மாதிரி இறங்கியது. இப்போது செத்தாலும் தலையாட்டிக்கொண்டேதான் சாவாய். யாரோ சொன்ன மாதிரி இருந்தது. அவர் குரல் மாதிரியும் இருந்தது. பஸ்ஸில் படியில் தொங்குகிறவர்களை உள்ளே வா உள்ளே வா என்று அதட்டுவாரே, அந்தக் குரல். இறங்குறவங்க இறங்குங்க என்பார். வழியை அடைச்சிக்கிட்டு நிக்காதீங்க, இறங்குறவங்க வாயைத் தொறந்து சொன்னாத்தானே விசில் ஊதுவேன். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் டிக்கெட் போடுகிற வண்டியிலேயே ஏறிச் சாத்தூர் போனாள், இறங்கவேண்டிய இடம் வந்தது, கூட்டத்தில் சொல்ல வாய் வரவில்லை, வண்டி போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் பார்த்துவிட்டு அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஏளா, நான்தானே நிக்கேன், என்கிட்டச் சொல்லவும் வெக்கமா என்றார். ராத்திரி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவள் நடந்து திரும்பிய தூரத்தில் கால் கொப்புளித்திருந்தது, சிரித்துக்கொண்டே விளக்கெண்ணெய் தடவிவிட்டார். தடவின விரல் மெட்டியில் இடித்தது.

தலைகளை எண்ணினாள். எட்டு. மறுபடியும் எண்ணினாள். எட்டு. தன்னையும் சேர்த்து ஒன்பது. சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்தும் ஒன்று குறைகிற மாதிரியே இருந்தது. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து எங்கே எண்ணினாலும் இப்படித்தான், சாப்பாட்டு மேசையில், காரில், ராத்திரி கதவு சாத்தும்போது. எல்லோரும் இருக்கிறார்கள், ஒரு தலை குறைகிறது.

எழுந்துவிட்டாள். எழுந்தது காலுக்குத்தான் முதலில் தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி, இன்னொரு படி. தண்ணீர் உடம்பிலிருந்து கொட்டியது, துணி ஒட்டியது, குளிர்காற்று வந்து அத்தனை இடத்திலும் ஒரே நேரத்தில் அறைந்தது. கல்தரை பனிக்கட்டியாக இருந்தது. பாதம் முழுக்கப் பதிந்தது. யாரும் பார்க்கவில்லை. அதுதான் ஆச்சரியம். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. பெஞ்சில் இருந்த பச்சை குத்திய ஆள் தானாக எழுந்து துண்டை எடுத்து நீட்டினான், அவள் வாங்கிப் போர்த்திக்கொண்டு நடந்தாள். சின்னக் குளத்தில் இளங்கோ பாப்பாவைத் தண்ணீரில் தவழவிட்டுக்கொண்டிருந்தார், கோமதி கரையில் கால் நனைத்து உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாளோ என்னவோ.

“பெட்டியைத் திற கோமதி.”

“என்னம்மா, அதுக்குள்ளயா? நான் வந்து கூப்பிடுதேன்னு சொன்னேன்ல?”

“பெட்டியைத் திற.”

அந்தக் குரலைக் கோமதி சின்ன வயதில் கேட்டிருப்பாள், கிணற்றடிப் பக்கம் போகும்போது. ஒன்றும் கேட்காமல் எழுந்து வந்தாள். பெட்டி திறந்ததும் செண்பகவல்லி சங்கிலியைத் தானே எடுத்துத் தானே மாட்டிக்கொண்டாள், கொக்கி இரண்டு தரம் தப்பியது. கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போதுதான் கோமதி கீழே பார்த்துவிட்டு நாக்கைக் கடித்தாள். இதைக் கழட்டாம விட்டுட்டோமே, இந்தத் தண்ணில கந்தகம் இருக்கும்மா, வெள்ளி பட்டா கறுத்துரும், அதுக்குத்தான் போர்டே போட்டிருக்காங்க என்று சொன்னாள். செண்பகவல்லி கேட்டுக்கொண்டாள். கந்தகம். புரிந்தது. கோவில்பட்டிக்காரிக்குக் கந்தகத்தை யாரும் சொல்லித்தரவேண்டாம், தெருவுக்குத் தெரு தீப்பெட்டி ஆபீஸ். காரணம் காதுக்குள் போய்விட்டது. காரணத்துக்கு எட்டாத இடம் ஒன்று வயிற்றுக்குள் இருந்தது, அது இன்னும் ஆறவில்லை.

“அப்பாவுக்குப் போன் போடு” என்றாள்.

கட்டடத்துக்குள் அடித்துப் பார்த்தார்கள், எடுக்கவில்லை. உடை மாற்றிக்கொண்டு காருக்கு வந்தபின் அடித்தார்கள், எடுக்கவில்லை. கோயிலுக்குப் போயிருப்பாரு என்றாள் கோமதி, இளங்கோ காரைக் கிளப்பாமல் சூட்டை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார், கண்ணாடியெல்லாம் மூச்சு படிந்து வெளியே ஒன்றும் தெரியாமல் ஆயிற்று. பின்இருக்கையில் நடுவே பாப்பா, ஒருபுறம் அவள், மறுபுறம் கோமதி. கோமதி பையிலிருந்து பற்பசைக் குழாயை எடுத்துவைத்துக்கொண்டு, காலைக் காட்டும்மா, இதைப் போட்டுத் தேச்சா போயிரும் என்றாள். செண்பகவல்லி காலைக் காட்டவில்லை. கையில் கைபேசி அடித்துக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணாமல் இருக்கப் பார்த்தாள். எண்ணினாள். ஏழாவது அடிப்பில் படம் வந்தது.

பாதி முகம் வெள்ளையாக நுரை. மறுபாதி மழித்த பளபளப்பு. கையில் சவரக் கத்தி. கண்ணாடி போடாமல் கைபேசியை மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

“ஏளா, என்ன, தலையெல்லாம் நனைஞ்சி கெடக்கு? அங்கயும் மழையா?”

அவள் கைபேசியை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். நுரை அவர் காதுவரை இருந்தது. காதுக்குப் பின்னால் எப்போதும் விட்டுவிடுவார், அவள்தான் துடைப்பாள்.

“செல்லை உள்ள சார்ஜுல போட்டுட்டு இங்கன நின்னேன், கேக்கல” என்றார். ஒரு தரம் இருமினார், இப்போது அது தொண்டையில்தான் இருந்தது. “கோமதி எல்லாம் சொல்லிட்டா. உனக்கு அங்கன ரொம்பப் புடிச்சிப்போச்சு, இருக்கணும்னு நீயே ஆசைப்பட்டுக் கேக்கியாம்லா. இரு. எனக்கென்ன, மெஸ்ஸுல சாப்பிட்டுக்கிடுதேன். பிள்ளையப் பாத்துக்கிட்டு நிம்மதியா இரு.”

செண்பகவல்லி கோமதியைப் பார்த்தாள். கோமதி பாப்பாவின் பால் புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியைத் திருகினாள், திறந்தாள், மறுபடியும் திருகினாள். முன்இருக்கையில் இளங்கோவின் தலை அசையவில்லை. அப்பா சரின்னுட்டாங்க என்று இங்கே, அம்மா ஆசைப்படுதா என்று அங்கே. நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொன்ன பிள்ளை. பொய் சொல்லும்போது சின்ன வயதிலும் இப்படித்தான், கையில் கிடைத்ததைத் திருகிக்கொண்டிருப்பாள். கோபம் வரவில்லை. அந்தப் பின்கழுத்து எலும்பு நினைவுக்கு வந்தது. அதைத் தொட்டுத் தடவவேண்டும் என்று இருந்தது, தொட்டால் சரி என்றாகிவிடும். இவள் இறங்குகிற இடம் இதோ வந்துவிட்டது, வண்டி போய்விடும். பாப்பா இவள் சேலை முனையைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது, ஈர உதடு, இரண்டு பல். இவள் ஊருக்குப் போனபின்தான் இது நடக்கத் தொடங்கும். அதைப் பார்க்கமாட்டாள். அதுவும் தெரிந்தது. பாப்பாவின் விரலை மெல்லப் பிரிக்காமல் அப்படியே விட்டாள்.

கோமதி ஏதாவது செய்யவேண்டும் என்பதற்காகப் பசைக் குழாயைத் திறந்துகொண்டு குனிந்தாள். “காட்டும்மா காலை. எனக்கே பாக்க ஒரு மாதிரியா இருக்கு.”

செண்பகவல்லி இரண்டு பாதத்தையும் காரின் தரையில் ஊன்றி வைத்துக்கொண்டாள்.

“வேண்டாம்ட்டி. ஊர்ல போயித் திருநீறு போட்டு விளக்கிக்கிடுதேன்.”

கோமதி பசைக் குழாயின் மூடியைத் திருகி மூடினாள். சூட்டுக்காற்று மட்டும் புஸ் என்று வந்துகொண்டிருந்தது. கைபேசிக்குள் நுரை முகம் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது, படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தாள். நிற்கவில்லை, கண் இமைத்தது.

“எப்ப வார?” என்றார் அவர்.

“டிக்கெட்டுல போட்டிருக்க தேதிக்கு.”

“சரி” என்றார். மிச்சப் பாதியை மழிக்கத் திரும்பினார். எப்போதும் போலக் கைபேசியை அணைக்காமல் மல்லாக்க எங்கேயோ வைத்துவிட்டார், அவருக்கு ஒருநாளும் அணைக்கத் தெரிந்ததில்லை. வீட்டுக் கூரை தெரிந்தது. மழைக்கு ஒழுகிய பழுப்புக் கறை, அதன் பக்கத்தில் மின்விசிறி, அந்த ஒரு இறக்கை மட்டும் கொஞ்சம் தாழ்ந்து சுற்றுவது. தண்ணீர்க் குவளையில் கத்தியை அலசுகிற சத்தம் கேட்டது. பக்கத்தில் கோமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். கார் இன்னும் கிளம்பவில்லை, கதவுகள் பூட்டியே இருந்தன. செண்பகவல்லி ஒரு கையால் பாப்பாவைத் தாண்டி மகளின் பின்கழுத்தைத் தொட்டாள். மற்றக் கையில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.